கார்பன் இறக்கை கட்டும் முறைகள்: ஸ்பாரிலிருந்து தொடங்கும் ஓர் ஒப்பீடு

சிறிய ஏரோபாட்டிக் விமானத்துக்கு கார்பன் இழையில் இறக்கை கட்ட நினைப்பவர்கள் கூடினால் பேச்சு நேராகத் தோலுக்கு, அதாவது இறக்கையின் வெளிப்பரப்புக்கு, போய்விடும். ஃபோமை வெட்டி மேலே துணி ஒட்டலாமா, மோல்டு (அச்சு) எடுத்து, ரெசினில் (இறுகும் பசையில்) நனைத்த துணியைப் பையில் மூடிக் காற்றை உறிஞ்சி அழுத்தும் வேக்குவம் பேக் போடலாமா, உலர்ந்த துணிக்குள் ரெசினை உறிஞ்ச வைக்கும் இன்ஃபியூஷனா, முன்கூட்டியே ரெசின் ஊட்டிய துணியான ப்ரீப்ரெக்கா? நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. என் பார்வையில் இந்த விவாதம் தவறான இடத்தில் தொடங்குகிறது. இறக்கையின் நீளவாக்கில் முதுகெலும்பு போல ஓடும் ஸ்பாரின் மேல் கீழ்ப் பட்டைகளை, அதாவது கேப்புகளை, எப்படிச் செய்வது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அது முடிந்தால் தோலைப் பற்றிய கேள்விகளில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் 600 கிலோ, சுமை 10 ஜி, அதாவது எடையைப் போல் 10 மடங்கு. இறக்கை தாங்க வேண்டியது 6 டன். வழக்கமான 1.5 மடங்கு பாதுகாப்பைச் சேர்த்தால் 9 டன், பக்கத்துக்கு 4.5 டன். ஒரு பக்க இறக்கையின் நீளம் 3.7 மீட்டர் என்றால், அந்தத் தூக்குவிசை முழுவதும் வேரிலிருந்து (உடற்பகுதியோடு சேரும் இடத்திலிருந்து) ஏறக்குறைய 1.6 மீட்டரில் செயல்படுவதாக வைத்துக்கொள்ளலாம். வேரில் இரண்டு கேப்புகளுக்கும் நடுவே 18 செ.மீ. இடைவெளி இருந்தால், ஒவ்வொரு கேப்பிலும் ஏறும் விசை சுமார் 40 டன். கீழ்க் கேப்பை அது இழுக்கிறது, மேல் கேப்பை நெரிக்கிறது.

10 ஜி என்பது மிகை இல்லை. 1988-ல் முதலில் பறந்த எக்ஸ்ட்ரா 300, விமானி தனியாக இருக்கும்போது கூட்டல் (நேராக), கழித்தல் (தலைகீழாக) இரு பக்கமும் 10 ஜி வரை போகும். அதற்கு முன்பே, 1984-ல், சுகோய் எஸ்யூ-26 கூட்டலில் 12, கழித்தலில் 10 என்று வந்துவிட்டது. சிறு விமானங்களுக்கான அமெரிக்காவின் பகுதி 23 விதிகள் நெடுங்காலம் ஏரோபாட்டிக் வகைக்குக் கேட்டதோ கூட்டலில் 6, கழித்தலில் 3 மட்டுமே. போட்டி விமானம் தலைகீழாகவும் முழுச் சுமை ஏற்றும் என்பதால், கீழ்க் கேப்பும் மேல் கேப்பைப் போலவே நெரிபட வேண்டியிருக்கிறது. கார்பனின் பலவீனம் அங்கேதான். இழுத்தால் அபாரமாகத் தாங்கும் இழை, நெரித்தால் அந்த அளவுக்குத் தாங்காது. ஓரிரண்டு டிகிரி அலையலையாக வளைந்து கிடந்தால் நெரிதாங்கும் வலிமை மளமளவென்று சரிந்துவிடும்.

ஆகவே கேப் செய்யும் முறைகளை இழை எவ்வளவு நேராகப் படுக்கிறது என்ற ஒரே அளவுகோலில் எடை போடுகிறேன்.

முதல் வழி, ஒரே திசை இழைத் துணியை ரெசினில் நனைத்துக் கையால் அடுக்குவது. கையால் செய்யும் கேப்புக்கு 450 மெகாபாஸ்கலுக்கு (பரப்பளவுக்கு ஏறும் விசையின் அலகு) மேல் வடிவமைக்க எனக்குத் துணிவு வராது. அந்த அளவில் 40 டன்னைத் தாங்க வேரில் கிட்டத்தட்ட 9 சதுர செ.மீ. குறுக்குவெட்டு வேண்டும்: 80 மி.மீ. அகலம், 11 மி.மீ. தடிமன். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள துணி என்றால் ஏறக்குறைய 35 அடுக்கு. இவ்வளவையும் ஒரே மூச்சில் அடுக்கினால் எப்பாக்ஸி இறுகும்போது வெளிவிடும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் நடுவில் ஏறிக்கொண்டே போகும். கொதித்துக் குமிழி விடுவதும் நடக்கும். பிரித்துப் பிரித்து அடுக்கினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பீல் பிளை (பின்னர் உரித்தெடுக்கும் துணி) வைத்து, அடுத்த நாள் உரித்து, தேய்த்துத் தொடர வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: ரோலர் போகும் திசையில் துணி லேசாகத் தள்ளப்பட்டு, பின்னால் ஒரு சின்ன அலை எழும். அந்த அலை அடுத்த அடுக்கின் கீழே மறைந்துவிடும், பிறகு யாருக்கும் தெரியாது. துணியின் இரு முனைகளையும் கிளாம்ப் போட்டு இழுத்து வைத்துக்கொண்டு நனைத்தால் இது பெருமளவு குறையும்.

இரண்டாவது வழி, பல்ட்ரூஷன் பட்டை. ரெசினில் தோய்ந்த இழைகளைச் சூடான அச்சின் வழியே இழுத்து இறுக வைத்துத் தொழிற்சாலையிலிருந்து வரும் பட்டை. இழை இழுவையில் இருக்கும்போதே இறுகுவதால் நேராகவே நிற்கிறது. இழையின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டும். கையால் நனைத்து வேக்குவம் போட்டால் 50-ஐ எட்டினாலே நல்ல வேலை. நெரிதாங்கும் வலிமையில் கையடுக்கு இதன் அருகில் வராது. வெப்பம் ஏறும் தொல்லையும் கிடையாது, ஏனென்றால் நாம் சேர்ப்பது பட்டைகளுக்கு நடுவே மெல்லிய ஒட்டுப்பசை மட்டும்.

இந்த வசதிக்கான விலையை வேறு இடத்தில் உழைப்பாகக் கொடுக்க வேண்டும். பட்டை முடியும் இடத்தைச் சட்டென்று வெட்டிவிட்டால் அந்த முனையில் விசை குவிந்து ஒட்டு பிய்யத் தொடங்கும். ஒவ்வொரு முனையையும் நீளமான சரிவாகத் தேய்க்க வேண்டும், முனைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி முடிய வேண்டும். பட்டையின் மேல் அச்சிலிருந்து வந்த வழுக்குப் பொருள் ஒட்டியிருக்கலாம். அதைத் துடைத்துத் தேய்க்காமல் ஒட்டினால் ஒட்டு நம்பிக்கைக்குரியதல்ல.

வளைவிலும் கவனம் வேண்டும். இறக்கை நேராக இருந்தாலும் வேரிலிருந்து நுனிக்கு அதன் தடிமன் குறைந்துகொண்டே போகும். 20 செ.மீ. ஆழம் நுனியில் 8 ஆகிறது என்றால் கேப் பக்கத்துக்கு ஒரு டிகிரி அளவு சரிகிறது, நடுவில் மொத்தம் இரண்டு டிகிரி முறிகிறது. சின்ன எண் என்று விட்டுவிடக் கூடாது. 40 டன் நெரிபடும் மேல் கேப் அந்த முறிவில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு ஸ்பாரின் வெப்பை, அதாவது இரண்டு கேப்புகளையும் இணைக்கும் நடுச்சுவரை, விட்டு மேல்நோக்கிப் பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். தலைகீழ் சுமையில் கீழ்க் கேப்புக்கும் அதே கதி. எனவே உடற்பகுதிக்குள் பெரிய ஆரத்தில் வளைவைப் பரப்பி, கேப்பைச் சுற்றி 45 டிகிரி துணியால் வெப்போடு சேர்த்துக் கட்டியாக வேண்டும். இது எல்லா வகைக் கேப்புக்கும் பொருந்தும். ஆனால் மெல்லிய பட்டைகள் இந்த மென்வளைவை எளிதில் ஏற்கும், தடித்த பட்டைகள் முரண்டு பிடிக்கும்.

மூன்றாவது வழி ப்ரீப்ரெக். ரெசின் அளந்து ஊட்டப்பட்ட துணி, சுத்தமான வேலை, அடுக்குக்கு அடுக்கு ஒரே தரம். அதற்கு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர் வேண்டும், வெளியே எடுத்து வைத்த மணிநேரங்களின் பதிவேடு வேண்டும், ஏழெட்டு மீட்டர் நீளத்துக்கு 120 டிகிரி வரை ஒரே சீராகச் சூடாகும் அடுப்பும் வேண்டும். வரிசையாக விமானம் கட்டுகிறவர்களுக்கு இதுவே சரி. ஒற்றை இறக்கைக்கு இத்தனை ஏற்பாடு கட்டுபடியாகாது.

கேப்பை இன்ஃபியூஷனில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெருக்கமாக அடுக்கிய ஒரே திசை இழைகளின் குறுக்கே ரெசின் மிக மெதுவாகத்தான் ஊறும். 11 மி.மீ. அடுக்கின் நடுவில் உலர்ந்த திட்டு தங்கினால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

இப்போது தோலுக்கு வருவோம். தோலின் வேலை முறுக்கத்தைத் தாங்குவது. இறக்கையின் நீளம் முழுவதும் ஓடும் பெரிய ஐலரான்கள் (விமானத்தைச் சுழற்றும் பின்விளிம்பு மடல்கள்) நொடிக்கு 400 டிகிரி சுழற்றும் விமானத்தில் இந்த முறுக்கம் லேசானதல்ல. 45 டிகிரியில் படுக்கும் கார்பன் துணி இரண்டு பக்கமும், நடுவே ஆறு முதல் எட்டு மி.மீ. பிவிசி ஃபோம்: இதுவே பரவலான அமைப்பு.

மோல்டே இல்லாமல், சூடான கம்பியால் ஃபோம் கட்டையை இறக்கை வடிவத்தில் வெட்டி மேலே துணி போடும் வழியை 1975-ல் பறந்த தன் வாரிஈஸ் விமானத்தின் மூலம் பர்ட் ரூட்டான் பிரபலமாக்கினார். வீட்டில் கட்டுபவர்களுக்கு அது பெரிய கதவைத் திறந்தது, அதற்கு மரியாதை உண்டு. ஏரோபாட்டிக் இறக்கைக்கு மட்டும் எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டிய ஃபோமின் மேடுபள்ளங்கள் துணியிலும் வந்துவிடுகின்றன. அவற்றை மறைக்க ஃபில்லர் பூசித் தேய்க்க வேண்டும். அந்த ஃபில்லரின் எடை நுனி வரை பரவும். சுழல்வதற்கான எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தில் கூடுவதால், நுனியில் ஏறும் ஒரு கிலோ ரோலின் தொடக்கத்தையும் நிறுத்தத்தையும் மந்தமாக்குகிறது. கம்பியால் வெட்ட வசதியான பாலிஸ்டைரின் பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும் என்பதையும் மறக்கக் கூடாது. இறக்கைக்குள் எரிபொருள் வைப்பதாக இருந்தால் இந்த வழியை அங்கேயே விட்டுவிடலாம்.

மோல்டு என்றால் வேலை இரட்டிப்பு: முதலில் மாதிரி வடிவம், அதிலிருந்து மோல்டு, அதன் பிறகே இறக்கை. ஆனால் ஏரோபாட்டிக் விமானத்துக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது. தலைகீழாகவும் ஒரே மாதிரி பறக்க வேண்டும் என்பதால் இறக்கையின் வெட்டுமுகம் பெரும்பாலும் மேலும் கீழும் சமச்சீர். டைஹெட்ரல் (நுனி மேல்நோக்கிய சாய்வு) இல்லாத, நுனியிலிருந்து நுனி வரை ஒரே துண்டான இறக்கை என்றால், மேல் தோலை விமானத்தின் நீள அச்சில் பாதிச் சுற்று திருப்பினால் கீழ்த் தோல் கிடைத்துவிடும். ஒரே மோல்டில் இரண்டு தோலையும் எடுக்கலாம். இவ்வளவு மிச்சம் கிடைக்கும்போது மோல்டை நிராகரிப்பதற்குக் காரணம் குறைவு.

மோல்டில் கையால் நனைத்து வேக்குவம் பேக் போடுவதற்கும் இன்ஃபியூஷனுக்கும் இடையேதான் உண்மையான போட்டி. இன்ஃபியூஷனில் துணியையும் ஃபோமையும் உலர்வாக, அவசரமில்லாமல் அடுக்கலாம். தவறாகப் படுத்த துணியை எடுத்துத் திரும்ப வைக்கலாம். கையடுக்கில் அந்த அவகாசம் கிடையாது. ரெசின் கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ஆனால் இன்ஃபியூஷனில் ரெசின் ஓடுவதற்காக ஃபோமில் வெட்டும் பள்ளங்களும் துளைகளும் ரெசினைக் குடித்துவிடும். 10 சதுர மீட்டர் இறக்கைக்குத் தோல் இரு பக்கமும் சேர்த்து 20 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 300 கிராம் கூடினால் 6 கிலோ. வேக்குவம் பேக்கில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் இன்ஃபியூஷன் கெடும், கெட்டால் முழுத் தோலும் போகும். கையடுக்கில் அதே ஓட்டை கொஞ்சம் தரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒரே இறக்கை கட்டுபவருக்கு இந்த மன்னிக்கும் குணம் பெரிது. ஒரே மோல்டில் மூன்று நான்கு இறக்கை எடுக்கும் குழுவுக்கு இன்ஃபியூஷன் பழகப் பழக லாபம்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்ஸி பலவும், பிறகு சூடேற்றிப் பக்குவப்படுத்தாவிட்டால், 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு அதைத் தாண்டும். ஆகவே மோல்டிலேயே வைத்துச் சூடேற்றுங்கள், மோல்டும் அந்தச் சூட்டைத் தாங்கும்படி செய்யுங்கள், வெள்ளை பெயின்ட் அடியுங்கள். போட்டியில் எடுப்பாகத் தெரிய அடர்நிறம்தான் வேண்டும் என்பவர்கள் உயர்வெப்ப ரெசினுக்கோ ப்ரீப்ரெக்குக்கோதான் போக வேண்டும்.

கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவே ஓர் அடுக்குக் கண்ணாடி இழை போதும். ரேடியோ ஆன்டெனாவைக் கார்பன் தோலுக்குள் புதைக்க முடியாது. இரண்டுக்கும் எந்த முறையிலும் விலக்கில்லை.

எந்த முறையிலும் கடைசிக் கட்டம் ஒன்றே: இரண்டு தோல்களையும் ஸ்பாரோடு ஒட்டி மூடுவது. மூடிய பிறகு உள்ளே பார்க்க முடியாது. அதனால் ஒட்டுப்பசை வைக்கும் முன் ஸ்பாரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிய களிமண் திரிகளை வைத்து மோல்டை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். நசுங்கிய திரியின் தடிமனே ஒட்டு இடைவெளி. ஓரிடத்தில் ஒரு மி.மீ., அடுத்த இடத்தில் நான்கு என்று வந்தால், அந்த நான்கைப் பசையால் நிரப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே கூடுதல் அடுக்குப் போட்டு ஏற்றிவிட்டு, திரும்பவும் களிமண் வைத்துப் பாருங்கள்.

ஒரே விமானம் கட்டும் ஒருவர் என்னைக் கேட்டால்: பல்ட்ரூஷன் கேப், ஒற்றை மோல்டில் கையடுக்கு வேக்குவம் பேக் தோல். 6 ஜிக்குள் நிதானமாகப் பறப்பவருக்கு மர இறக்கையில் கார்பன் சேர்த்த ஸ்பார் இன்னொரு நல்ல தேர்வு. பிரான்ஸின் CAP 10C விமானம் அந்த வழியில் போனது. எதைத் தேர்ந்தாலும் கேப்பை ஒரு முழம் கூடுதல் நீளத்தில் செய்யுங்கள். அந்த மிச்சத்தை வெட்டி நெரித்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பி, நீங்கள் கணக்கில் வைத்த மெகாபாஸ்கல் உண்மையிலேயே வருகிறதா என்று தெரிந்த பிறகே தோலை மூடுங்கள்.