கையால் சுற்றும் மசாஜ் மிஷின்: ஒட்டு கட்டும் கைகளுக்கு என்ன செய்தது?

கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் உடம்பைத் தட்டிக்கொடுக்கும் மசாஜ் மிஷின் ஒன்றை எங்கள் வீட்டில் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். நிஜமாகவே வலி போகுமா, எங்காவது கிடைத்தால் வாங்கலாமா என்று சொந்தக்காரர்களும் கூட வேலை செய்பவர்களும் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். நாள் முழுக்க வேலை செய்து இறுகிப்போன சதைக்கு இது தருகிற சுகம் பெரிது. மூட்டுத் தேய்மானத்துக்கோ நரம்புக் கோளாறுக்கோ இதை நம்பி உட்காரக் கூடாது. அப்புறம், இது ஒண்டி ஆளுக்கான பொருள் இல்லை. சுற்றிவிட இன்னொரு கை வேண்டும்.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நர்சரி. பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, நீலம், இமாம்பசந்து என்று கேட்பவர்களுக்கு ஏற்ப ஒட்டுச்செடி தயார் செய்கிறோம். ஆடி, ஆவணியில் ஒட்டு கட்டும் வேலை மும்முரமாக இருக்கும். கீழே குந்தி உட்கார்ந்து, கொட்டையிலிருந்து முளைத்த இளஞ்செடியின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, தாய்மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவி உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். நாடாவை இழுத்துப் பிடிக்கும்போது கட்டைவிரலின் அடிச்சதை கல்லாகிவிடும். முன்கை முழுக்கக் கடுக்கும். இடுப்புக்கும் ஆடுசதைக்கும் சொல்லவே வேண்டாம். எழுந்து நிற்கும்போது பாதிப் பேர் "அம்மாடி" என்றுதான் எழுவோம்.

மிஷின் வந்த வழி கோலார் தங்கவயல். எங்கள் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் சுரங்க வேலைக்குப் போனவர்கள் ஏராளம். என் அம்மா வழித் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். 1880-லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி நடத்திவந்த சுரங்கங்களை 1956-இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனாராம். அதில் தாத்தா வாங்கியது இது. பூமிக்கு அடியில் பாறை உடைத்துவிட்டு மேலே வருகிறவருக்கு இதன் அருமை தெரிந்திருக்கும். அவருக்குப் பிறகு அம்மா வீட்டுப் பரணில் கிடந்ததை நான் கேட்டு வாங்கி வந்தேன்.

இனி மிஷினைப் பற்றி. பார்க்கத் தச்சர்கள் வைத்திருக்கும் பழைய கை ட்ரில் போல இருக்கும். நிக்கல் பூசிய இரும்புக் கூடு. மேலே பிடித்துக்கொள்ள ஒரு குமிழ், பக்கத்தில் சுற்றும் கைப்பிடி, அடியில் வட்டமான தட்டு. கைப்பிடி ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அது சின்னச் சக்கரத்தை வேகமாகச் சுற்ற வைக்கிறது. சின்னச் சக்கரத்தின் அச்சு நடுவிலிருந்து விலகி இருப்பதால், அதோடு சேர்ந்த தண்டு விடாமல் மேலும் கீழும் போய்வருகிறது. அந்தத் தண்டின் முனையில்தான் தட்டு. ஆக, கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் தட்டு பல முறை அடித்துவிடும். நிதானமாகச் சுற்றினால் தனித்தனித் தட்டலாகத் தெரியும். வேகமெடுத்தால் எல்லாம் கலந்து சதைக்குள் ஒரு அதிர்வாக இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

கூட்டின் மேல் மக்கௌரா என்ற பெயரும் 'ரத்த ஓட்ட இயந்திரம்' என்ற பொருளில் ஆங்கில வார்த்தைகளும் பொறித்திருக்கின்றன. ஜெரால்ட் மக்கௌரா என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பல்சோகான்' என்ற பெயரில் இதை இங்கிலாந்தில் விற்றவர். லீட்ஸ் நகரத்தில் தயாரானது. பெரிய பெரிய மண்டபங்களில் கூட்டம் கூட்டி, மேடையிலேயே நோயாளிகளுக்கு வைத்துக் காட்டி விற்றிருக்கிறார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டாரே தவிர, முறைப்படி மருத்துவம் படித்தவர் இல்லை. வாதம் போகும், காது கேட்கும் என்றெல்லாம் சொல்லி விற்றதால் பிரான்சில் வழக்கு வந்தது. 1914-இல் பாரிஸ் நீதிமன்றம் மோசடிக்காக அவருக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது. இந்தத் தகவலை என் மகன் படித்துச் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இவ்வளவு உறுதியாக, இத்தனை வருடம் உழைக்கிற மாதிரி செய்யப்பட்ட பொருளுக்கு அந்தப் பொய்கள் தேவையே இல்லை. "வேலை செய்து களைத்த சதைக்கு இதமாக இருக்கும்" என்று மட்டும் சொல்லி விற்றிருந்தாலே நியாயமான வியாபாரம் நடந்திருக்கும்.

உடம்புக்கு மிஷினை வைத்து வைத்தியம் பார்க்கும் யோசனையை அவர் ஒருவரோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவும் கூடாது. ஸ்வீடனில் குஸ்தாவ் ஜாண்டர் என்ற டாக்டர் 1865-லேயே ஸ்டாக்ஹோமில் இதற்கென நிலையம் தொடங்கியவர். பிடித்துவிட, தட்டிவிட, கைகால் அசைக்க என்று விதவிதமான மிஷின்களை உருவாக்கினார். எண்ணத்தில் குறை இல்லை. எல்லா நோய்க்கும் இதே மருந்து என்று கூவியதில்தான் கோளாறு.

சரி, வலி எப்படிக் குறைகிறது? இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தன்னால் தேய்த்துவிடுகிறோம், வலி கொஞ்சம் அடங்குகிறது. தொடுதலும் அதிர்வும் கொண்டுபோகும் செய்திகள் முதுகுத்தண்டில் வலிச் செய்தியை அமுக்கிவிடுகின்றன என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-இல் விளக்கினார்கள். மிஷின் தட்டும்போது சட்டென்று லேசாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் அந்தச் சுகம் நிரந்தரமும் இல்லை. என் அனுபவத்தில் ராத்திரிக்குத் தாங்கும், நிம்மதியாகத் தூங்கலாம். மறுநாள் குந்தி உட்கார்ந்தால் மறுபடி வரத்தான் செய்யும்.

எங்களுக்கு அதிகம் பலன் தந்த இடம் ஆடுசதை. குப்புறப் படுக்க வைத்து, மேலே ஒரு பருத்தித் துண்டைப் போட்டு, குதிகாலுக்கு மேலிருந்து முழங்கால் மடிப்புக்கு ஒரு கை கீழே வரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போவோம். அழுத்தவே வேண்டாம், மிஷினின் கனமே போதும். முதலில் சதை தட்டை எதிர்த்துத் துள்ளும். கொஞ்ச நேரத்தில் அந்தத் துள்ளல் அடங்கி மொத்தச் சதையும் சேர்ந்து அசைய ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் சுற்றினால் தோலில் அரிப்பும் மறுநாள் கன்றிய வலியும்தான் மிச்சம். ஒரு இடத்துக்கு இரண்டு நிமிடம் தாராளம்.

அடுத்தது முதுகு. எங்களோடு வேலை செய்யும் பெண்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். சாயங்காலம் கைகால் கழுவி டீ குடித்த பிறகு, "அக்கா, அந்த மிஷினை எடுத்துட்டு வாங்க" என்று அவர்களே கேட்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து தூணைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்துகொண்டால் முதுகு அகலமாக விரிந்து கொடுக்கும். தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில் இருக்கும் சதையில் தட்டை வைப்போம். "இன்னும் கொஞ்சம் கீழ... எலும்பை ஒட்டி... ஆங், அங்கதான்" என்று வழி சொல்லச் சொல்ல நகர்த்த வேண்டும். சுற்றுகிறவருக்கும் ஒரு சூட்சுமம் பிடிபடும். சதையில் இருக்கும்போது மிஷினின் சத்தம் மங்கலாக இருக்கும். எலும்பில் ஏறியதும் டக் டக்கென்று கூர்மையாகிவிடும். அந்தச் சத்தம் கேட்டவுடன் கையைத் திருப்ப வேண்டும். கண்ணை விடக் காது நன்றாக வழிகாட்டுகிறது.

முன்கையில்தான் சிக்கல் தெரியும். ஒரு கை குமிழைப் பிடிக்க, ஒரு கை சுற்ற வேண்டும் என்பதால் நம் முன்கைக்கு நாமே வைத்துக்கொள்ள வழியே இல்லை. தொடை, ஆடுசதை மட்டும் தனியாகச் சமாளிக்கலாம். மற்றதெல்லாம் அடுத்தவர் தயவு. இது குறைதான், ஆனால் இதிலிருந்து ஒரு நல்ல பழக்கமும் வந்தது. நான் என் வீட்டுக்காரருக்குச் சுற்ற, அவர் எனக்குச் சுற்ற, மகன் பாட்டிக்குச் சுற்ற என்று ஒருவர் வலியை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். வேலை செய்யும் பெண்களும் இரண்டிரண்டு பேராக மாறி மாறிச் சுற்றிக்கொள்கிறார்கள். சுற்றுகிறவருக்குத் தோள் வலிக்கும் என்பதால் யாரும் மணிக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பதில்லை. அளவு தானாகவே கட்டுப்படுகிறது.

முழங்காலுக்கு வேண்டாம். என் மாமியார் முழங்கால் தேய்மானத்தால் கஷ்டப்படுகிறவர். "இங்க கொஞ்சம் வைம்மா" என்று சிப்பியைக் காட்டிக் கேட்பார். "அங்க வேண்டாம் அத்தை, தொடைக்கு வைக்கிறேன்" என்று தொடையின் முன்பக்கச் சதைக்கு மட்டும் வைப்பேன். அந்தச் சதை இளகினால் எழுந்து நடக்கச் சுலபமாக இருக்கிறது என்கிறார். முழங்கால் வீக்கத்துக்கு டாக்டர் சொன்ன பயிற்சியும், எங்கள் வீட்டு வழக்கப்படி நொச்சி இலை ஒத்தடமும்தான். அவருக்குச் சர்க்கரையும் இருப்பதால் பாதத்தில் நாங்கள் மிஷினை வைப்பதே இல்லை. உணர்ச்சி மங்கிய பாதத்துக்கு அடி பலமாக விழுந்தாலும் தெரியாது, புண் வந்தால் ஆறுவது பெரும்பாடு.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் மசாஜ் எதுவும் செய்யாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. சுருண்டு புடைத்த நரம்பு, கழுத்தின் முன்பக்கம், வயிறு, முதுகுத்தண்டு எலும்பு, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் எலும்பு, புது அடி, சுளுக்கு இவற்றின் மேலும் வைக்காதீர்கள். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. என் கைக்கு வந்தபோது உள்ளே கிரீஸ் இறுகிச் சக்கரம் அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் விட்டதும் சுற்ற ஆரம்பித்தது. மரக் கைப்பிடி உளுத்துப் போயிருந்ததால் கடைசல் பட்டறையில் தேக்கில் புதிதாகப் போட்டோம். தண்டு மேலும் கீழும் போகும் துளை தேய்ந்து ஆட்டம் கொடுத்தபோது கிருஷ்ணகிரியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளை புஷ், அதாவது துளைக்குள் செருகும் வளையம், போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. தைலம் தடவிய உடம்பில் நேரடியாக வைக்காதீர்கள். தட்டு வழுக்கும், எண்ணெயும் தூசியும் தண்டு வழியாக உள்ளே போய்ப் பல்சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். துணி போட்டு முடித்துவிட்டு, பிறகு தைலம் தடவிக்கொள்வதுதான் சரி. மார்கழிக் குளிரில் இரும்புத் தட்டு சில்லென்று இருக்கும், அதற்கும் துணி நல்லது.

பேட்டரியில் ஓடும் மசாஜ் கன்னோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். மகன் ஒன்று வாங்கினான், அதையும் பயன்படுத்திப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கும், கை வலிக்காது, முன்கைக்குத் தனியாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த விஷயத்தில் அதுதான் உசத்தி. ஆனால் பேட்டரி சார்ஜ் நிற்காமல் போன பிறகு அதைப் பிரித்துப் பார்க்கக்கூட இங்கே ஆள் இல்லை. இந்தப் பழைய மிஷினை யார் வேண்டுமானாலும் திருகாணியைக் கழற்றிப் பார்க்கலாம். எது தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், நம்மூர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். எனக்கு அது பெரிய விஷயம்.

இப்போது இதைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் என் கண்ணில் படவில்லை. பழைய பொருள் விற்பவர்களிடம் கிடைத்தால், அலங்காரப் பொருளின் விலை சொல்வார்கள். உபயோகத்துக்கு வாங்குவதானால் நிக்கல் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கைப்பிடியை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தாவினால் பல் உடைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். தட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் என்றால் புஷ் போட்டுச் சரிசெய்யலாம். கூட்டில் விரிசல் இருந்தால் வேண்டாம். வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து நிறுத்துவது கஷ்டம்.

எனக்கு இன்னும் தீராமல் இருப்பது கட்டைவிரல் அடிச்சதைதான். தட்டு அகலமாக இருப்பதால் அங்கே பாதி எலும்பின் மேல் விழுகிறது. ரூபாய் நாணய அளவில், முகத்தில் ரப்பர் ஒட்டிய சின்னத் தட்டு ஒன்று அதே மரையில் திருகும்படி செய்ய முடியுமா என்று லேத் பட்டறைக்காரரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். மரை பழைய இங்கிலீஷ் அளவு, அந்த மரையை வெட்டும் டை தேட வேண்டும் என்றார். அடுத்த ஒட்டு கட்டும் காலத்துக்குள் கிடைத்துவிட்டால் அது எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுகிறேன்.