மாருதி 800: முதல் காராக அது எப்படி?

கையில் பெரிய தொகை இல்லாத, கார் ஓட்டிப் பழக்கமில்லாத ஒரு குடும்பத்துக்கு முதல் கார் எது என்று கேட்டால் என் பதில் இன்றும் மாருதி 800தான். பல ஆண்டுகள் ஓட்டிய உரிமையில் சொல்கிறேன். இதைவிட வசதியான கார்கள் எத்தனையோ உண்டு. ஆனால் வாங்கியவரை மிரட்டாத கார் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் வாங்கியது 2003இல், சேலத்தில். 1994 மாடல், வெள்ளை நிறம். அதுவரை நால்வரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போய்வந்தோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மாமியாருக்கும் மூட்டுவலி, எனக்கோ வாழப்பாடிப் பக்கம் பள்ளிக்கூட வேலை. ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எழுதிப் போட்டுவிட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கக் கிளம்பினோம்.

முதலில் பார்த்த வண்டி பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. என் வீட்டுக்காரருக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. மெக்கானிக் அண்ணன் இன்ஜினைத் தொடவே இல்லை. முன்கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரை நகத்தால் நெம்பி விலக்கினார். உள்ளே தகட்டில் வெல்டிங் வைத்துத் தேய்த்த தடம், மேலே வேறு சாயலில் பெயின்ட். "டீச்சர், இது அடிபட்ட வண்டி, நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ரப்பரைப் பழையபடி அழுத்தி மூடினார். பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த ஒரு சோதனையையாவது செய்துவிட வேண்டும். பெயின்ட் எதையும் மறைக்கும், ரப்பருக்கு அடியில் மட்டும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

எங்களுக்கு அமைந்த வண்டி ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவருடையது. சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருந்தார். ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக முடிந்தது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றம், ராஜகணபதி கோயிலில் பூசை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். வண்டி எங்களுடையதாகிவிட்டது.

இந்தக் காருக்கு நாட்டின் நினைவில் தனி இடம் உண்டு. 1983 டிசம்பர் 14இல் முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். அம்பாசிடரும் பத்மினியுமே கார் என்றிருந்த காலம் அது. ஹர்பால் சிங் 2010இல் காலமாகும்வரை அந்த வண்டியை விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகவே புரியும்.

இனி ஓட்டும் அனுபவம். 796 சி.சி., மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். வண்டியின் எடையோ ஏறத்தாழ 650 கிலோதான். அதனால் ஊருக்குள் இந்தத் திறன் தாராளமாகவே போதும். நீளம் 3,335 மில்லிமீட்டர், அகலம் 1,440. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே இதை வளைத்துத் திருப்பும்போது அந்த அளவின் அருமை தெரியும். முன்கண்ணாடி வழியே பானெட்டின் முனை எங்கே முடிகிறது என்று ஊகித்துவிடலாம், பின்னால் திரும்பிப் பார்த்தால் வண்டியின் முடிவும் தெரியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் பல ஆண்டுகள் இதையே வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நானும் பள்ளியில் இதில்தான் பழகினேன், ஆகவே சொந்த வண்டியில் உட்கார்ந்தபோது எனக்குக் கூச்சமே இல்லை. கிளட்ச் அவ்வளவு மென்மை. பவர் ஸ்டியரிங் கிடையாது, ஆனால் சக்கரங்கள் பன்னிரண்டு அங்குலம்தான் என்பதால் கை வலித்ததில்லை.

காலைக் குளிரில் மட்டும் அதற்கு ஒரு முறை உண்டு. எங்களுடையது கார்புரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய கருவி உள்ளது. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை முழுக்க இழுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்ப வேண்டும். இன்ஜின் பிடித்ததும் படபடவென்று வேகமாகச் சுற்றும். அந்தச் சத்தம் தணியத் தணியச் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் அணைந்துவிடும், தள்ள மறந்தால் பெட்ரோல் வீணாகும். காதால் கேட்டே இன்ஜினின் நிலையை அறியும் பழக்கம் எனக்கு வந்தது இப்படித்தான்.

ஏற்காடு மலைக்கு இதில் போனதைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நிறைவடையாது. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டைஊசி வளைவுகள். ஐந்து பேரும் கட்டுச்சோற்றுக் கூடையும் உள்ளே. அடிவாரத்திலேயே ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிட்டோம். நேர் ஏற்றத்தில் இரண்டாம் கியர். வளைவு வருவதற்கு முன்பே முதல் கியருக்கு இறக்கிவிட வேண்டும், வளைவுக்குள் போய் மாற்ற நினைத்தால் இழுவை அறுந்து வண்டி திணறும். முன்சக்கர இழுவை என்பதால் ஈரச் சாலையில் உள்வளைவின் சக்கரம் ஒரு நொடி வழுக்கும். ஆக்ஸிலரேட்டரில் காலைச் சற்றுத் தளர்த்தினால் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஏறி வருகிறவருக்கு வழிவிட வேண்டியதும் இறங்குகிறவர்தான். மேலே போய் வண்டியை நிறுத்தியதும் பிள்ளைகள் பானெட்டைத் தடவிக் கொடுத்தார்கள். மாமியார், "இந்தச் சின்ன உடம்பில் எவ்வளவு தெம்பு!" என்றார். அந்த வார்த்தையை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

பராமரிப்பில்தான் இந்த வண்டி உண்மையில் வெல்கிறது. ஒருமுறை பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், அயோத்தியாப்பட்டணம் அருகே, தேய்ந்துபோன கிளட்ச் கேபிள் அறுந்தது. தொலைபேசியில் சொன்னதும் மெக்கானிக் அண்ணன் மொபெட்டில் புதுக் கேபிளைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார், சுருண்ட பாம்பைப் போட்டுக்கொண்டவர் போல. சாலையோரப் புளியமரத்தடியில் மாட்டி, மிதியின் தளர்வைச் சரிபார்த்து, வண்டியை என் கையில் கொடுத்துவிட்டார். லேப்டாப்பைச் செருகிப் பார்க்கும் வேலை எதுவும் இல்லை. எந்த ஊர்ப் பட்டறையிலும் இந்த இன்ஜினைத் தெரிந்த ஒருவர் இருந்தார், சிறிய ஊர்க் கடையிலும் உதிரிபாகம் கிடைத்தது. மைலேஜ் ஊருக்குள் பதினான்கு, பதினைந்து. வெளியூருக்குப் போனால் பதினெட்டு. மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு பெரிய நிம்மதி.

குறைகளையும் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். இந்த மாடலில் ஏர்பேக் கிடையாது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ் ஒன்று கடந்து போனால் அந்தக் காற்றில் வண்டி ஓரத்துக்கு அசையும், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தே ஆக வேண்டும். எடை குறைவு என்பது சந்தில் வரம், நான்குவழிச் சாலையில் அபாயம். பின்னிருக்கையில் மூன்று பெரியவர்கள் நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஏ.சி. போட்டால் இன்ஜினின் தெம்பு குறைவது காலுக்கே தெரியும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் சென்னைக்குப் போகிற வேலைக்கு இதை எடுக்காதீர்கள். நாங்களும் அதற்கு ரயிலைத்தான் நம்பினோம்.

சென்னை உட்பட 13 நகரங்களில் 2010இல் விற்பனை நின்றது, 2014 ஜனவரியோடு தயாரிப்பும் முடிந்தது. எனவே இன்று வாங்கினால் பழைய வண்டிதான். பதினைந்து ஆண்டு கடந்தவற்றுக்குப் பதிவைப் புதுப்பித்த சான்று இருக்கிறதா, எதுவரை செல்லும், பழைய வண்டிகளுக்கான பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டில் துரு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். இன்ஜின் வேலையைக்கூடக் குறைந்த செலவில் முடித்துவிடலாம், துருப்பிடித்த தரைக்குச் செலவு செய்வது வீண். சோக் இழுத்துப் பழக மனமில்லாதவர்கள் 2000க்குப் பிறகு வந்த, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியாகத் தேடுங்கள். குளிர்காலக் காலையிலும் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும்.