மேசையிலா, கட்டிலடியிலா? தாதியர் பொறுப்பு மாற்றும் முறைகள் பற்றி

அரசாங்க வைத்தியசாலை வார்ட்டுகளில் தாதியரின் கடமை வழமையாகக் காலை 7 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் இரவு 7 மணிக்கும் மாறும். ஒவ்வொரு முறையும் போகிறவர் வருகிறவரிடம் நோயாளர்களைப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். வார்ட்டில் நாங்கள் ஹாண்டோவர் என்று சொல்லும் இந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித் தாதியியலில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தொடர்ந்து ஆய்வு நடக்கிறது. புதிதாக ஒரு மருந்தோ இயந்திரமோ வாங்காமல் நோயாளியின் பாதுகாப்பைக் கூட்டக்கூடிய இடம் இது. யாழ்ப்பாணம் போல ஆள்பலமும் பணமும் எப்போதும் இழுபறியாக இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தெரியவில்லை.

முக்கியமாக மூன்று முறைகள் உண்டு. முதலாவது, மேசையைச் சுற்றி நின்று ரிப்போர்ட் புத்தகத்தைப் பார்த்து வாயால் சொல்வது. இரண்டாவது, இரு குழுவும் சேர்ந்து கட்டில் கட்டிலாகப் போய் நோயாளி முன்னாலேயே கொடுப்பது. மூன்றாவது, முன்பே தயாரித்த தாளையோ திரையையோ வைத்துக் கொடுப்பது.

மேசை முறைதான் நம் பழக்கம். வேகமானது, அமைதியானது. நோயாளி காதில் விழக்கூடாததைச் சொல்லலாம், புதிதாக வந்த தாதி தயங்காமல் சந்தேகம் கேட்கலாம். இரவு முழுதும் நின்ற கால்களுக்கு ஒரு கதிரையும் கிடைக்கும், அதைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை. ஆனால் இதன் பலவீனம் பெரியது. 2005இல் பிரித்தானியத் தாதியியல் சஞ்சிகை ஒன்றில் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. 12 கற்பனை நோயாளர்களின் விபரத்தை ஒரு தாதி இன்னொருவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று ஐந்து முறை கைமாற்றிப் பார்த்தார்கள். வெறும் வாய்மொழியில் கொடுத்தபோது மூன்றாவது கைமாறலுக்குள் எல்லாத் தகவலும் போய்விட்டது. கேட்பவர் குறிப்பெடுத்தபோது ஐந்தாவது முடிவில் 31 வீதம்தான் சரியாக மிஞ்சியது. தட்டச்சு செய்த தாளும் வாய்மொழியும் சேர்ந்தபோது இழப்பு மிகச் சொற்பம்.

நம் கடமை நேரப்படி மூன்று கைமாறல் என்றால் சரியாக ஒரு பகலும் இரவும். இன்று காலை சொன்னது நாளை காலை எந்த நிலையில் இருக்கும் என்று இதை வைத்து யோசியுங்கள். புத்தகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதில் பாதி இடத்தில் 'நிலைமை சீராக உள்ளது' என்றுதான் எழுதியிருக்கும். உண்மையில் தேவைப்படும் விபரத்தைக் கேட்பவர் கையுறைப் பெட்டியின் மட்டையைக் கிழித்து அதிலோ, உள்ளங்கையிலோ எழுதிக்கொள்வார். கை கழுவியதும் அது போய்விடும்.

கட்டிலடி முறையின் பலம் எங்கே தெரிகிறது என்பதற்கு டெங்குவைவிட நல்ல உதாரணம் இல்லை. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் வார்ட்டுகள் டெங்குக் காய்ச்சல்காரரால் நிரம்புவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குருதிக் குழாயிலிருந்து திரவம் கசியத் தொடங்கினால் அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் ஆபத்தான கட்டம். இலங்கையின் தேசிய வழிகாட்டலின்படி, 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் கட்டம் முழுவதற்கும் கணக்கிடும் திரவ அளவு 4600 மில்லிலீற்றர். சேலைனும் வாயால் குடிப்பதும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சிறுநீர் மணிக்கு ஏறத்தாழ 25 மில்லிலீற்றர் போனால் போதும். திரவம் குறைந்தால் குருதியோட்டம் தளர்ந்து அதிர்ச்சி (ஷொக்) நிலைக்குப் போகலாம், அதை அளவுக்கு மேல் ஏற்றினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்து மூச்சு முட்டலாம்.

மதியம் 1 மணிக்கு மேசையில் இப்படிச் சொல்வார்கள்: "ஏழாம் கட்டில், டெங்கு, கிரிட்டிக்கல் கட்டம், சேலைன் போகுது, பிரஷர் நல்லம்." இதையே கட்டிலடியில் சொன்னால், பக்கத்தில் இருக்கும் தாய் இடையில் புகுந்து, "மிஸ்ஸி, தம்பி இப்பதான் ஒரு இளநீர் குடிச்சவன், கஞ்சியும் கொஞ்சம் குடுத்தனான்" என்பார். அந்த இளநீர் எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் 4600இலிருந்து கழிய வேண்டியது. அதோடு, பம்பில் சேலைன் ஓடும் வேகம் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில், எழுதிய வேகம்தானா, சேலைன் ஏற்றும் கனூலாக் குழாய் குத்திய இடம் சிவந்து வீங்கியிருக்கிறதா, சிறுநீர்ப் பையில் எவ்வளவு, கை கால் குளிர்ந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் ஒரே கணத்தில் பார்த்துவிடுகிறார்கள். பாம்பு கடித்து வந்த ஒருவரின் கண் இமை எவ்வளவு திறக்கிறது என்பதும் அப்படித்தான்; விஷம் நரம்பைத் தாக்கினால் இமை கீழே இறங்கும். 'கொஞ்சம் கீழே இருக்கு' என்று மேசையில் கேட்டவருக்கு இரவு 10 மணிக்கு இமை இன்னும் இறங்கிவிட்டதா, முன்பிருந்த மாதிரியே இருக்கிறதா என்று ஒப்பிட எதுவும் இல்லை. 7 மணிக்குத் தன் கண்ணாலேயே பார்த்தவருக்கு இருக்கிறது.

இவ்வளவு நன்மை இருந்தும் நம் வார்ட்டுகளில் இது ஏன் நிலைப்பதில்லை? மூன்று காரணங்கள் உண்டு. இரண்டு வெளிப்படையானவை. மூன்றாவதைத்தான் அதிகம் பேசுவதில்லை.

முதலாவது இரகசியம். நம் வார்ட்டுகள் பெரும்பாலும் திறந்த மண்டபங்கள். மேற்கு நாடுகளின் கட்டுரைகள் பல தனியறையையோ திரை மறைவையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர் பெரும்பாலும் ஊர்க்காரராகவோ, ஊர்க்காரரின் உறவினராகவோ இருப்பார். கலியாணம் ஆகாத பிள்ளையின் கர்ப்பம், உயிரை மாய்க்க முயன்று வந்தவரின் கதை, மனநல மருந்து எல்லாம் அங்கே உரத்துப் பேசும் விஷயமா? இன்னொன்று, "அவருக்குச் சொல்ல வேண்டாம் மிஸ்ஸி, மனம் உடைஞ்சு போவார்" என்று குடும்பம் கெஞ்சும் புற்றுநோயாளர். அதைச் சொல்வதா மறைப்பதா என்பது வைத்தியரும் குடும்பமும் நோயாளியும் இருந்து பேச வேண்டியது. ஹாண்டோவர் அதை உளறிக்கொட்டும் இடமாகிவிடக் கூடாது.

இந்த ஆட்சேபம் நியாயமானது, ஆனால் தீர்க்கக்கூடியது. இரண்டு கட்டமாகப் பிரித்தால் போதும்: இரகசியமானது மேசையில் ஐந்து நிமிடம், மிச்சம் கட்டிலடியில். நோயின் பெயரைச் சொல்லாமலே செய்ய வேண்டியதைச் சொல்ல முடியும். "டிக்கெட்டில் இரண்டாம் பக்கம் பாருங்கோ" என்று விரலால் காட்டினாலும் சரிதான்.

இரண்டாவது நேரம். 40 நோயாளருக்குத் தலைக்கு 2 நிமிடம் என்றால் 80 நிமிடம். யாராலும் முடியாது. ஆனால் 40 பேருக்கும் ஒரே நீளத்தில் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? கவலைக்கிடமான 10 பேருக்கு 3 நிமிடம், மற்ற 30 பேருக்கு அரை நிமிடப் பார்வை என்று வைத்தால் 45 நிமிடம். இரண்டு சோடியாக வார்ட்டைப் பாதியாகப் பிரித்துப் போனால் 23 நிமிடத்துக்குள் முடியும்.

இங்கேதான் அந்த மூன்றாவது காரணம் வருகிறது. வார்ட்டைப் பாதியாகப் பிரிக்க முடிய வேண்டுமே! நம் வார்ட்டுகள் பலவற்றில் வேலை கட்டில்வாரியாகப் பிரிக்கப்படுவதில்லை. ஒருவர் எல்லாருக்கும் மருந்து கொடுப்பார், ஒருவர் எல்லாருக்கும் காயத்துக்கு மருந்து கட்டுவார், ஒருவர் புதிதாக வருகிறவர்களைச் சேர்ப்பார். அப்படியானால் ஏழாம் கட்டிலைப் பற்றி யாருக்கு முழுதாகத் தெரியும்? ஊசி போட்டவருக்கு ஊசி தெரியும், காயம் கட்டியவருக்குக் காயம் தெரியும். ஏழாம் கட்டிலில் இருக்கும் பிள்ளையை முழுதாக அறிந்தவர் ஒருவருமில்லை. அதனால்தான் வார்ட் சிஸ்டரோ மூத்த தாதியோ மேசையில் இருந்து புத்தகத்தை வாசிக்க வேண்டியிருக்கிறது. கட்டிலடி முறையை உத்தரவு போட்டுக் கொண்டுவந்த ஒரு வார்ட்டில் சில வாரங்களுக்குள் எல்லோரும் பழையபடி மேசைக்கே திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாதியரைச் சோம்பல் என்று திட்டினார்கள். அது அநியாயம். வேலையைப் பிரிக்கும் முறையை மாற்றாமல் ஹாண்டோவரை மட்டும் மாற்றச் சொன்னது அவர்களுடைய பிழை இல்லை. ஒரு தாதிக்கு இன்னின்ன கட்டில்கள் என்று ஒப்படைத்தால், கட்டிலடி ஹாண்டோவர் தானாகவே நிற்கும்.

சரி, ஆய்வு கட்டிலடி முறைதான் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதா? இல்லை. எந்த ஹாண்டோவர் முறை தகவலை நன்றாகக் காப்பாற்றுகிறது என்று 2014இல் கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) தொகுப்பாய்வு தேடியபோது, அவர்களின் கடுமையான அளவுகோலுக்குள் வந்த ஆய்வு ஒன்றுகூட இல்லை. நேருக்கு நேர் கொடுப்பது, ஒழுங்கான படிவம், நோயாளியையும் சேர்த்துக்கொள்வது ஆகியவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுபவை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே நான் கட்டிலடிப் பக்கம் சாய்வது மேலே சொன்ன இளநீரையும் இமையையும் வைத்துத்தான்.

விபரங்களை ஒழுங்கான வரிசையில் சொல்வதற்கு இருக்கும் ஆதாரம் இதைவிடப் பலமானது. எஸ்பார் (SBAR) என்பது நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படி. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளில் பிறந்து, 2000களின் தொடக்கத்தில் வைத்தியசாலைகளுக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2007இல் இதைப் பரிந்துரைத்தது. ஐ-பாஸ் (I-PASS) என்ற இன்னொரு வரிசையை அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 வைத்தியசாலைகளில் பயிற்சி வைத்தியர்களிடம் பரீட்சித்து 2014இல் வெளியிட்டார்கள். மருத்துவத் தவறுகள் 23 வீதமும், தடுக்கக்கூடிய பாதிப்புகள் 30 வீதமும் குறைந்தன. அதில் எனக்கு மிகப் பிடித்தது கடைசிப் படி: கேட்டவர் தான் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எஸ்பாரின் படிகளில் நம்மிடம் குறைவது மதிப்பீடும் பரிந்துரையும்தான். 'சிறுநீர் குறைகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, 3 மணிக்குள் வைத்தியரைக் கூப்பிடுங்கோ' என்று ஒரு இளம் தாதி தன் வாயால் சொல்லப் பழக வேண்டும்.

மூன்றாவது முறையான தாள், திரை பற்றி அதிகம் சொல்ல இல்லை. கணினி வசதி வந்தால் நல்லது. அதுவரை ஒரு பக்க அச்சுத்தாள் போதும், 2022இல் கடதாசிக்கே தட்டுப்பாடு வந்த நாட்டில் அதுவும் சில வேளை கஷ்டம்தான். ஆனால் டிக்கெட்டைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். நோயாளியின் பெயரும் நோயும் யாருடைய தனிப்பட்ட போனில் எவ்வளவு காலம் கிடக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இனிக் கற்பித்தல். தாதியர் பயிற்சிக் கல்லூரி மாணவரும் சரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாதியியல் மாணவரும் சரி, ஹாண்டோவர் நேரத்தில் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்ப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பொறுப்புக் கொடுப்பதை வேலைக்கு வந்த பிறகே முதன்முதலாகச் செய்கிறார்கள். இதைப் பழக, நோயாளிக்குப் பதில் பொம்மைகளை வைத்த விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவையில்லை. அந்த 2005 ஆய்வையே வகுப்பில் திரும்பச் செய்யலாம்: 12 நோயாளரின் விபரத்தை எழுதி, ஐந்து மாணவரை வரிசையாக நிறுத்திக் கைமாற்றச் சொல்லி, கடைசி ஆளிடம் என்ன மிஞ்சியது என்று எண்ணுங்கள். முதலில் வாயால், பிறகு தாளோடு. பென்சிலின் ஒவ்வாமை எத்தனையாவது ஆளிடம் காணாமல் போனது என்று தாங்களே கண்டுபிடித்த மாணவர் அதை மறக்க மாட்டார்கள். இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு உண்மையான நோயாளியை, பொறுப்பான தாதி பக்கத்தில் நிற்க, கட்டிலடியில் பொறுப்புக் கொடுத்திருக்க வேண்டும். "ஐயா, எப்பிடி இருக்கிறியள்? இவதான் இனி உங்களைப் பார்ப்பா" என்று தொடங்குவதிலிருந்து அதற்குப் புள்ளி இருக்க வேண்டும்.

ஒரு வார்ட்டில் தொடங்குவதென்றால் எனது யோசனை இது. எல்லாக் கட்டிலையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் டெங்கு ஆபத்துக் கட்டத்தில் இருக்கும் நோயாளரின் கட்டில்களை மட்டும் ஒரு தாதிக்கு ஒப்படையுங்கள். முதலில் காலை 7 மணி மாற்றத்தைத் தெரிவுசெய்யுங்கள். கையில் ஒரு பக்கத் தாள்: ஆபத்துக் கட்டம் தொடங்கிய நேரம், இதுவரை போன திரவம், கடைசி மூன்று மணித்தியாலச் சிறுநீர், கடைசிப் பி.சி.வி. அளவு (குருதியில் செங்கலங்களின் வீதம்), எனக்குள்ள கவலை. வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும், பக்கத்தில் இருக்கும் தாயிடம் இரவு பிள்ளை என்ன குடித்தான் என்று கேட்கட்டும். அது பிடிபட்ட பிறகு மதிய மாற்றத்துக்குப் போகலாம்.