கார் ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறவங்க இத படிச்சிட்டு போங்க

மதுரைல ஒரு கார் ஏசி கடை, பேரு வேணாம். என்னது 2009 மாடல் சின்ன வண்டி. போன ரெண்டு சித்திரைக்கும் கூலிங் இல்லனு அங்கதான் போனேன், ரெண்டு தடவையும் "கேஸ் கம்மியா இருக்கு சார்"னு பத்து நிமிஷத்துல டாப்அப் பண்ணிட்டு 1,500, அப்புறம் 1,800 வாங்கிட்டார். பெட்ரோல் மாதிரி இதுவும் தீந்துபோகும் போலனு நானும் நம்பிட்டேன். தீராதுங்க, அது மூடின லைன். ஹோஸ் வழியா கொஞ்சூண்டு கசியும்தான், ஆனா ஒரே வருஷத்துல கூலிங்கே போகுதுனா எங்கயோ லீக்குனு அர்த்தம்.

இந்த வருஷம் போனா கம்ப்ரஸரே போச்சாம், 18,000 ஆகுமாம். ப்ரஷர் சுவிட்ச் சாக்கெட்ட கழட்டி ஒரு துண்டு ஒயர உள்ள விட்டு கம்ப்ரஸர ஓட வச்சு "சத்தம் கேக்குதா சார்"னு என்னையே சாட்சிக்கு கூப்பிடுறார். கேஸ் கம்மியானா கம்ப்ரஸர் ஓடக்கூடாதுனுதான் அந்த சுவிட்ச்சே இருக்கு. ஆயில் அந்த கேஸோட சேந்துதான் சுத்துது, கேஸ் இல்லாம ஓட்டினா நல்ல கம்ப்ரஸரும் ஜாம் ஆயிடும். இதெல்லாம் அன்னிக்கு எனக்கு தெரியாது, பணம் இல்லனு சொல்லித்தான் தப்பிச்சேன்.

வீட்டுக்கு வந்து பானட்ட தொறந்து, இன்ஜின் ஆஃப்ல, ஷாம்பு தண்ணிய ப்ரஷ்ல தொட்டு பைப் ஜாயிண்ட் ஒண்ணொண்ணா தடவினேன். கேஸ் அடிக்கிற வாய் ரெண்டுல ஒண்ணுக்கு மூடியே இல்ல, உள்ள டயர் வால்வு மாதிரி ஒரு பின்னு, அத சுத்தி மண்ணு. அதுல தண்ணி பட்டதும் கடுகு சைஸ்ல ஒரு சோப்பு குமிழி, உடையுது, திரும்ப இன்னொண்ணு. ரெண்டு வருஷமா என் காசு போன ஓட்டை இதுதான். அந்த பின்ன மட்டும் நீங்களா கழட்டிடாதீங்க, கேஸ் பீய்ச்சி அடிச்சு அந்த குளிர்லயே கை வெந்து போகும். ஆன்லைன்ல விக்கிற லீக் அடைக்கிற மருந்து கலந்த கேனும் வேணாம், நான் ஆர்டர் போட்டு கேன்சல் பண்ணேன், அத ஊத்தின வண்டில கேஸ் உறிஞ்சி ஏத்துற மிஷின மாட்டவே பல பேர் ஒத்துக்க மாட்டாங்க.

வேற கடைல அந்த மிஷின் போட்டு உள்ள இருந்த கேஸ உறிஞ்சினா, பானட் ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுல பாதி கூட வரல. அந்த வால்வு பின்ன மாத்தி, அரை மணி நேரம் வேக்கம் போட்டு லைன்ல இருந்த காத்த இழுத்து, கிராம் கணக்குல எடை பாத்து கேஸ் ஏத்தினார், மொத்தம் 2,200. அதே பழைய கம்ப்ரஸர்தான், சத்தமே இல்ல.

மனசு ஆறல, பழைய கடைக்கு போய் மூடி எங்கனு கேட்டேன். அவர் அலட்டிக்கவே இல்ல, மேஜைக்கு அடியில இருந்து ஒரு மிட்டாய் டப்பாவ எடுத்து நீட்டினார், உள்ள முப்பது மூடியாவது கெடக்கும், "உங்களுது எதுனு பாத்து எடுத்துக்கோங்க சார்".