முழுநேரமா, தொலைக்கல்வியா? வன்னிப் பட்டதாரிகளுக்கான பட்டப்பின் கல்வி டிப்ளோமா

பட்டம் ஒருவருக்குப் பாட அறிவைத் தருகிறது. வகுப்பறையை நடத்தும் தொழிற்றகைமையையோ பட்டப்பின் கல்வி டிப்ளோமாவே தருகிறது. போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியிலுள்ள மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ ஆசிரிய நியமனம் பெற்ற பட்டதாரி ஒருவர், இந்த டிப்ளோமாவை முழுநேரமாகப் பயில்வதா, பணியிலிருந்தபடியே பயில்வதா என்று முடிவுசெய்ய வேண்டியவராகிறார்.

முழுநேரக் கற்கையின் வலிமை ஒருமுகப்பட்ட கவனமாகும். கல்வி உளவியல், மதிப்பீடு, கற்பித்தல் முறைகள் ஆகியவற்றை விரிவுரையாளர்களுடனும் சக ஆசிரியர்களுடனும் நேரில் விவாதித்து, நூலகத்தை நாள்தோறும் பயன்படுத்த முடிகிறது. ஆயினும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தங்குவதற்கான செலவு சிறிதன்று. அதைவிட எனக்குக் கவலை தருவது, கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஒரேயொரு ஆசிரியரைக் கொண்ட பாடசாலையில் அவர் விட்டுச்செல்லும் வெற்றிடமே.

1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இக்கற்கையைத் தமிழிலும் தொலைக்கல்வியாக வழங்குகிறது. இங்கே ஆசிரியர் தம் மாணவரைப் பிரிவதில்லை. இரவில் வாசித்த ஒரு முறையை மறுநாட் காலையிலேயே தம் வகுப்பில் பரீட்சித்துப் பார்க்கலாம். போரினால் படிப்பு இடையறுந்த பெற்றோரின் பிள்ளைகள் பலர் பயிலும் வன்னியில், மெல்லக் கற்போரை அறிந்து கற்பிக்க இத்தகைய உடனடிப் பிரயோகம் பெரிதும் உதவும். சோர்வும், ஒப்படைகளின் கெடுவும், கிராமத்திலிருந்து நகருக்கான நீண்ட பேருந்துப் பயணமும் இதன் விலை. கற்பித்தற் பயிற்சி இரண்டு வழியிலும் உண்டு.

குடும்பப் பொறுப்பும் பாடசாலையில் ஒரு பாடத்தைத் தனியாகவே தாங்கும் சுமையும் உள்ளவர் தொலைக்கல்வியையே தேர்வது நன்று. பதில் ஆசிரியர் கிடைப்பது உறுதியாகி, சம்பளத்துடனான கற்கை விடுமுறையும் அனுமதிக்கப்பட்டால், இளம் ஆசிரியர் முழுநேரக் கற்கைக்குத் தயங்காது செல்லலாம். விண்ணப்பிக்கும் முன்னரே அதிபருடனும் வலயக் கல்வி அலுவலகத்துடனும் இதனைப் பேசிக்கொள்ள வேண்டும்.