மாட வீதியும் எண்ணெய் வண்ணமும்: ஐந்து வருடக் கணக்கு

வாட்டர்கலரை விட்டு எண்ணெய் வண்ணத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. வரைவது பெரும்பாலும் ஒரே இடம்தான்: மயிலாப்பூர் தெற்கு மாட வீதி, காலை நேரக் காய்கறிக் கடைகள்.

சீக்கிரம் காயாது என்பதுதான் எண்ணெய் வண்ணத்தின் மேல் எல்லோரும் சொல்லும் குறை. கூட்டத்தை வரைகிறவனுக்கு அதுதான் வரம். பத்துப் பேரைத் தனித்தனியாக வரைந்தால் கொலு பொம்மை மாதிரி நிற்பார்கள். அல்ட்ரமெரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து எல்லோரையும் ஒரே இருட்டுத் திட்டாகப் போட்டு, ஈரம் இருக்கும்போதே காய்ந்த பிரஷால் ஓரங்களை லேசாக இழுத்துவிட்டால் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் இரண்டு மூன்று தலை, ஒரு கட்டைப்பை போதும். அக்ரிலிக்கிலும் முயன்றேன். நம்ம ஊர் வெயிலில் பிரஷைக் கழுவி வருவதற்குள் காய்ந்துவிட்டது.

நிழல் பிடிபடத்தான் நாளானது. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் தக்காளி சிவப்பாகத் தெரியாது, கத்திரிக்காய்ப் பக்கம் சாய்ந்துவிடும். எல்லாவற்றையும் அப்படியே மங்கலாக விட்டு, கிழிசல் வழியே வெயில் விழும் ஒரே ஒரு தக்காளிக்கு மட்டும் காட்மியம் சிவப்பு வைப்பேன். விலை அதிகம்தான், ஆனால் மாணவர் தர டியூபில் நிறமி குறைவு, அந்தச் சூடு வராது.

அடி வாங்கியதும் உண்டு. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஓரிரு நாளில் காயும், டைட்டானியம் வெள்ளைக்கு ஒரு வாரம்கூட ஆகும். இது தெரியாமல், ஒரு படத்தில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தாராளமாக விட்டுப் பூசிய வெள்ளைச் சுவர்மேல் டர்பன்டைனில் மெலிதாகக் கரைத்த அம்பரை ஏற்றினேன். எட்டாவது மாதம் விரிசல். இப்போது அடியில் மெலிதாக, மேலே போகப்போகத்தான் எண்ணெய். பீரோவுக்குள் வைத்த இன்னொரு படத்தில் வெள்ளை வேட்டி பழுப்பேறிப் போனது. ஜன்னலோரம் சில வாரம் வைத்ததும் ஓரளவு தெளிந்தது.

தெருவுக்குச் சிறிய பலகை ஒன்றோடு போய்க் குறிப்பாக வரைந்துகொள்வேன். பெரிய கேன்வாஸ் வீட்டில்தான். போன மாதம் கடைக்கார ஆயா எட்டிப் பார்த்து, "இம்மாம் பெரிய தார்ப்பாய் போட்டுகீற, என் முருங்கக்கா எங்க?" என்றார். அவசரமாக நாலு பச்சைத் தீற்றல் வைத்துக் காட்டினேன்.

"இது பொடலங்கா."