லிஸ்பனில் ஒரு மாலை நேரப் போர்த்துகீசிய வகுப்பு

மாட்ரிட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு லிஸ்பன் வந்தேன். ஸ்பானிஷ் தெரியுமே, போர்த்துகீசியம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். முதல் வாரமே வீட்டுக்காரம்மா பக்காலியாவ் கருவாட்டில் ஏதோ செய்து கொடுத்தார். 'இஷ்கிஸீத்து' என்று மனதாரப் பாராட்டினேன். அவர் முகம் சட்டென்று வாடியது. ஸ்பானிஷில் 'எக்ஸ்கிஸீதோ' என்றால் அருமையான ருசி. இங்கே அதே சொல்லுக்கு 'விசித்திரம்' என்று அர்த்தம்!

அப்புறம்தான் ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கான இந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை முதலில் லத்தீன் மூலத்தைத்தான் பலகையில் எழுதுவார். இந்தச் சொல்லின் மூலத்துக்குத் 'தேடி எடுத்தது' என்று பொருளாம். தேடி எடுத்தது அபூர்வமாகவும் இருக்கலாம், வினோதமாகவும் இருக்கலாம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். 'லார்கோ'வும் அப்படித்தான். லத்தீனில் தாராளம், ஸ்பானிஷில் நீளம், இத்தாலியனிலும் போர்த்துகீசியத்திலும் அகலம். பேன்ட் வாங்கப் போகுமுன் இதைத் தெரிந்துகொண்டது ரொம்ப உதவியது.

உச்சரிப்புப் பயிற்சிதான் போதவில்லை. வாரம் அரை மணி நேரமாவது கூட்டலாம். மற்றபடி, ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். வீட்டுக்காரம்மாவிடம் இப்போது 'டெலிஸியோஸு' என்கிறேன், இன்னொரு கரண்டி விழுகிறது.